மெஸ்ஸுக்கு ஒரு பழைய போன்

மார்ச் 8, 2025

அல்சூரில் அண்ணன் நடத்தும் மெஸ்ஸின் கல்லாவிலிருந்து மாடிச் சமையலறைக்குப் பேசுவதற்காக, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய சிஸ்கோ 7961 மேசைப் போனை வாங்கி வந்தேன். அதில் இருந்தது, சிஸ்கோவின் சொந்த அழைப்பு முறையான ஸ்கின்னிக்குரிய ஃபர்ம்வேர் (போனை இயக்கும் உள் மென்பொருள்). அழைப்புகளை இணைக்கும் எங்கள் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளுடன் சேர, எஸ்ஐபி என்ற பொது அழைப்பு முறைக்குரிய ஃபர்ம்வேரை ஏற்றுவதே நேர்வழி.

இந்தப் போன் உயிர் பெற்றதும், நெட்வொர்க்கில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி, 150-ஆம் எண் விருப்பத்தில் சொல்லும் முகவரிக்குப் போய், டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் தன் அமைப்புக் கோப்பையும் ஃபர்ம்வேரையும் கேட்க வேண்டும். மடிக்கணினியில் இந்த இரண்டு வேலைகளையும் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளை ஓட்டி, அந்த இடத்தில் என் முகவரியைக் கொடுத்தேன். போன் சட்டை செய்யவில்லை. நெட்வொர்க்கில் போகும் தரவைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தபோதுதான், பழைய அலுவலகத்தின் 10-இல் தொடங்கும் முகவரி ஒன்றை அது விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. மாற்று டிஎஃப்டிபி முகவரியைப் போனிலேயே பதித்து, செட்டிங்ஸ் பொத்தானையும் முடக்கி விற்றிருக்கிறார்கள். # பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து 123456789*0# அடித்தால் அது அழியும் என்றாலும், உள்ளிருக்கும் ஃபர்ம்வேரும் கூடவே அழிந்துவிடும் என்பதால் துணியவில்லை.

மார்ச் 9

போன் வெளியே அனுப்புவதெல்லாம் கடந்துபோகும் கேட்வே என் மடிக்கணினிதான் என்பதால், அந்தப் பழைய முகவரிக்கு டிஎஃப்டிபிக்குரிய 69-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்) போகும் கோரிக்கைகளை, லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிகளால் என் பக்கமே திருப்பினேன். கோரிக்கை வந்தது, 512 பைட் கொண்ட முதல் துண்டும் போனது. ஆனால் பெற்றுக்கொண்டதாகப் போன் பதில் சொல்லாததால், அதே துண்டு திரும்பத் திரும்பப் போனது. டிஎஃப்டிபி கோரிக்கையை 69-இல் வாங்கினாலும், தரவைப் புதிய போர்ட்டிலிருந்து அனுப்புகிறது. அதைத் தனி இணைப்பாகக் கருதிய கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), அனுப்புபவரின் முகவரியைப் பழைய அலுவலக முகவரியாகத் திருப்பி மாற்றவில்லை. ஓர் ஆளைக் கேட்டால் வேறொருவர் பதில் சொல்கிறாரே என்று போனும் அதைத் தள்ளிவிட்டது. இதற்கென்றே கர்னலில் ஒரு துணை மாட்யூல் உண்டு. அதை நாடாமல், இரவு பதினொன்றரைக்கு அந்தப் பழைய முகவரியையே மடிக்கணினிக்குக் கூடுதலாகச் சூட்டினேன். பதினைந்து வினாடியில் போன் தன் வன்பொருள் அடையாளமான மேக் எண்ணைப் பெயராகக் கொண்ட எக்ஸ்எம்எல் கோப்பைக் கேட்டது!

அதற்கு முன் அது, யாரை நம்பலாம் என்று சொல்லும் சான்றுப் பட்டியல் ஒன்றையும் கேட்டது. இல்லை என்றதும் பேசாமல் அடுத்ததற்குப் போய்விட்டது. பழைய அலுவலகம் அந்தப் பட்டியலை ஏற்றியிருந்தால், டிஜிட்டல் கையொப்பமில்லாத என் கோப்பை அது தொட்டிருக்காது.

மார்ச் 10

எஸ்ஐபி ஏறிவிட்டது. ஏறும்போது மின்சாரம் போகுமோ என்ற பயத்தில் யுபிஎஸ்ஸின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 15

சொந்தமாக மாற்றிய ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்க்கும் ஆசை விடவில்லை. சிஸ்கோ ஃபர்ம்வேரின் வேறொரு பதிப்புக் கோப்பில் ஒரே ஒரு பைட்டை மாற்றி அதே வழியில் கொடுத்துப் பார்த்தேன். முழுவதையும் இறக்கிக்கொண்ட போன், கையொப்பம் பொருந்தவில்லை என்று ஒதுக்கிவிட்டுப் பழையபடியே எழுந்தது. தருபவர் யார் என்று டிஎஃப்டிபி கேட்பதே இல்லை. இந்தப் போனுக்குக் காவல் அந்தக் கையொப்பம் மட்டும்தான். சொந்த ஃபர்ம்வேர் என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். அண்ணன் எண்ணெய்ப் பிசுக்குப் படாமல் போனுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டார்.