ஃபில்டர் உறையவில்லை, சேம்பர் உறைந்தது

"அண்ணா, இது ஹெப்பரின் பூசின ஃபில்டர்தானே? அப்புறம் ஏன் நிறுத்துறீங்க?"

ஜூனியர் டெக்னீஷியன் கேட்டபோது, "வீனஸ் பிரஷரைப் பாரும்மா" என்றேன். அந்த அவசரத்தில் வேறு பேச நேரமில்லை. ஆனால் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மண்டைக்குள் ரத்தக்கசிவுக்கு ஆபரேஷன் முடிந்து மறுநாள் டயாலிசிஸ். உறைதலைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை ரத்தத்தில் ஏற்றக் கூடாது; அதனால்தான் ஹெப்பரின் பூசிய ஃபில்டர், அதாவது டயலைசர். கழுத்து நாளத்தில் தற்காலிகக் குழாய் (கதீட்டர்). ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 250 மில்லிக்கு மேல் ஏறவில்லை. 2 மணி 40 நிமிடத்தில் வீனஸ் பிரஷர், அதாவது ரத்தம் உடலுக்குத் திரும்பும் லைனில் உள்ள அழுத்தம், 130லிருந்து 210க்குப் போனது. டி.எம்.பி. (டயலைசர் சவ்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) மட்டும் அசையவே இல்லை. இன்னும் 80 நிமிடம் பாக்கி. நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்து நிறுத்திவிட்டேன்.

அந்த இரண்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது. டயலைசருக்குள் ரத்தம் ஓடும் மெல்லிய குழல் இழைகள் அடைத்தால் டி.எம்.பி. ஏறும். அது ஏறாமல் வீனஸ் பிரஷர் மட்டும் ஏறினால், அடைப்பு டயலைசரைத் தாண்டி, திரும்பும் ரத்தத்தில் காற்றைப் பிடிக்கும் வீனஸ் சேம்பரிலோ கதீட்டரிலோ இருக்கிறது. கதீட்டரின் அந்த வழியில் சிரிஞ்சால் தள்ளிப் பார்த்தோம், தாராளமாகப் போனது. சலைன் விட்டுக் கழுவிய பிறகு டயலைசர் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் சில இழைகள் மட்டும் சிவப்பு. வீனஸ் சேம்பரின் அடியில் உள்ள வலையிலோ ஜெல்லி போலக் கட்டி உட்கார்ந்திருந்தது.

பூச்சு தன் வேலையைச் செய்தது. இந்த டயலைசரின் ஏ.என்.69 சவ்வு எதிர்மின்னேற்றம் கொண்டது. அதன்மேல் நேர்மின்னேற்றமுள்ள பாலிஎத்திலீன்இமைனைப் படியவைத்து, அதில் ஹெப்பரினைப் பிடிக்கவைக்கிறார்கள். எந்தப் பிளாஸ்டிக்கில் ரத்தம் பட்டாலும் சில நொடிகளில் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் ஒட்டும், அதன்மேல் தட்டணுக்கள் வந்து ஒட்டும். மேற்பரப்பில் உள்ள ஹெப்பரின், ரத்தத்தில் உள்ள ஆன்டித்ராம்பின் என்ற தடுப்புப் புரதத்தைப் பிடித்து, அங்கே உருவாகும், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினை அடக்குகிறது. ஆனால் லைனும் சேம்பரும் சாதாரண பி.வி.சி. அதைவிட மோசம், சேம்பருக்குள் ரத்தமும் காற்றும் தொடும் இடம். அங்கே புரதங்கள் உருக்குலைந்து உறைதல் தொடங்கும். காற்றுக்குப் பூச்சு பூச முடியாதே! சேம்பரில் ரத்தமட்டத்தை முக்கால் அளவுக்கு மேல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அவ்வப்போது சலைன் விட்டு சர்க்யூட்டைக் கழுவும் சலைன் ஃப்ளஷும் முழு விடை இல்லை. அரை மணிக்கு 150 மில்லி விட்டால் நாலு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும். அதையும் யூ.எஃப். (டயலைசர் வழியே நீரை இழுப்பது) வைத்து எடுக்க வேண்டும். எடுக்க எடுக்க இழைக்குள் ரத்தம் கெட்டியாகும். உறையாமல் இருக்க விடும் நீரே உறைவதற்கும் வழி செய்கிறது. 2014ல் வெளியான ஹெப்பரின்-சவ்வு ஆய்வில், 251 நோயாளிகளில், பூச்சு வைத்தவர்களுக்கு முதல் செஷன் வெற்றியானது சுமார் 68 சதவீதம். சலைன் முறையில் சுமார் 50. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் பூச்சு இருந்தும் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று தேறவில்லை. (ஹெப்பரினாலேயே தட்டணு குறைந்த நோயாளி என்றால் இந்த டயலைசரைத் தொடவே கூடாது.)

இதெல்லாம் என் பக்க நியாயம். ஹீமோகுளோபின் 7 இருந்தவருக்குச் சர்க்யூட் முழுவதும் உறைந்திருந்தால் 200 மில்லியளவு ரத்தம் போயிருக்கும். ஆனால் மறுநாள் காலை அவருக்கு மூச்சுத்திணறல். அவசரமாக இன்னொரு டயாலிசிஸ். அந்த 80 நிமிடம் ஓடியிருந்தால் அது தேவைப்பட்டிருக்குமா? ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு வீனஸ் லைனை மட்டும் மாற்றி, அதே டயலைசரில் மறுபடி தொடங்கியிருக்கலாம்; இழைகள் சுத்தமாகத்தானே இருந்தன. ஆனால் நின்ற ரத்தம் படிந்த டயலைசர் இரண்டாம் சுற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்ற பயமும் நியாயமானது. ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றொன்று.

இப்போது ஹெப்பரின் இல்லாத செஷன் என்றால், பிரித்திராத வீனஸ் லைன் ஒன்று மெஷின் பக்கத்தில் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை டி.எம்.பி.யையும் வீனஸ் பிரஷரையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுகிறோம். வீனஸ் பிரஷர் எந்த எண்ணைத் தொட்டால் அந்த லைனைப் பிரிப்பது என்பதில் எங்கள் யூனிட்டில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நான் 180 என்கிறேன். ஜூனியர் 200 என்கிறாள்.