டெக்சாஸில் கைத்துப்பாக்கி: விசாவிலிருந்து கேலிபர் வரை

இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகக் காருக்கு நடக்கும் நர்ஸ், நள்ளிரவில் கல்லாவை எண்ணிப் பூட்டும் கடைக்காரர் என்று டெக்சாஸில் வாழும் நம்மவர் பலருக்கும் கைத்துப்பாக்கி வாங்கும் யோசனை வருகிறது. எந்தத் துப்பாக்கி, எந்த கேலிபர் (தோட்டாவின் குறுக்களவு) என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது விசா.

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. சுடப் பழகும் இடமான ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். வேட்டை உரிமம் உள்ளவருக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர் 21 வயது நிறைந்திருந்தால் கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் ஒரு பொய்கூடக் குற்றம்தான். துப்பாக்கிச் சட்டத்தை மீறினால் கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்தப்படலாம்.

கேலிபர் விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். பெரும்பாலோருக்கு 9 மிமீ போதும். 1986இல் மயாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ.யின் 9 மிமீ தோட்டா ஒன்று இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன்பின் அவர்கள் 10 மிமீக்கும் .40க்கும் போய், சுமார் முப்பது ஆண்டுக்குப் பின் 9 மிமீக்கே திரும்பினார்கள். முனை குழிந்து, உடம்பில் பட்டதும் விரியும் இன்றைய ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களில் கேலிபர்களுக்கிடையே காயத்தில் பெரிய வேறுபாடில்லை. உதைப்பு குறைந்தால் வேகமாகவும் குறி தவறாமலும் சுட முடியும் என்பதே காரணம். சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெல்லில் தோட்டா 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது எஃப்.பி.ஐ.யின் அளவுகோல். பயிற்சிக்கு முனை விரியாத, மலிவான முழு உலோக உறைத் தோட்டா சரி. உடம்பைத் துளைத்து அப்பாலும் போகும் என்பதால் தற்காப்புக்கு அது வேண்டாம்.

சின்னத் துப்பாக்கிதான் சுலபம் என்று நினைப்பது பெரிய தவறு. சிக் பி365 சுமார் 500 கிராம், 10 தோட்டா. மறைக்க எளிது, ஆனால் எடை குறையக் குறைய கையில் உதைப்பு கூடும். கிளாக் 19 கொஞ்சம் பெரிது, 15 தோட்டா, பழகுபவருக்கு அதுவே இதமானது. ஐந்து தோட்டா கொள்ளும் குட்டி ரிவால்வரைப் பெண்களுக்கென்று கடைக்காரர்கள் நீட்டுவதுண்டு. அதன் விசை (டிரிகர்) இழுக்கக் கனம். இழுக்கும்போதே குறி நகர்ந்துவிடும். துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடை இழுக்கப் பலம் போதாதவர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு இஇசட் .380ஐக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்செல்லாமல் சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி சிக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்றை வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாவாவது சுட்டுவிட்டே வாங்குங்கள்.

துப்பாக்கியைச் செருகும் உறை (ஹோல்ஸ்டர்) விசையை முழுதாக மூட வேண்டும். கெட்டியான பெல்ட்டும் வேண்டும். சேலைக்கும் சுடிதாருக்கும் பெல்ட் இல்லை என்பது நமக்கே உரிய சிக்கல். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டைகள் கிடைக்கின்றன; விசையை மூடும் கெட்டியான உறை உள்ளதாகப் பாருங்கள். கைப்பை வேண்டவே வேண்டாம்: விழாவில் நாற்காலியில் வைத்துவிட்டுப் போவோம், குழந்தை திறக்கும். வீட்டிலும் பூட்டுப் பெட்டிதான். 17 வயதுக்குட்பட்டவர் கையில் கிடைக்கும்படி விட்டால் டெக்சாஸில் அது குற்றம்.

2021 செப்டம்பர் 1 முதல் இங்கே உரிமமில்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் எடுத்துவிடுங்கள். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. பிள்ளையை அழைத்துவரப் போகும் பெற்றோருக்கு இது தினமும் வரும் பிரச்சினை. உரிமத்துக்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கஜத் தொலைவிலிருந்து மொத்தம் 50 தோட்டா; 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி.