மூட்டை கட்டும் முன்: பழந்துணி கொடுப்பதும் வாங்குவதும்

போகி நெருங்கினால் வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து மாதவரம் வரைக்கும் வீட்டுக்கு வீடு பீரோவை ஒழிப்பார்கள். எரிக்காமல் யாருக்காவது கொடுப்போம் என்று நினைப்பது நல்ல மனசு. ஆனால் பழந்துணி வாங்கிக்கொள்ளும் சாரிட்டி கடை (தானமாக வந்ததை மலிவாக விற்கும் கடை), காப்பகம், சேகரிப்பு மையம் எல்லாவற்றிலும் அந்த ஒரே வாரத்தில் மூட்டை மலைபோல் குவியும். துணி நிறைய வரும், பிரித்து அடுக்க ஆள்தான் இருக்காது. மூலையில் கிடந்து பூஞ்சணம் பிடித்த மூட்டை கடைசியில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். அதனால் பிரிக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கொடுங்கள்.

ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக் காலையில் இதை உடுத்திக்கொண்டு ஒருவர் கூச்சமில்லாமல் வேலைக்குப் போக முடியுமா?

சட்டை என்றால் முதலில் காலரைத் திருப்பி, கழுத்தில் உரசும் மடிப்பைப் பாருங்கள். துணி அங்கேதான் முதலில் நைந்து நூல் தெரியும். அடுத்து அக்குள். வியர்வையில் துணி விறைத்து மஞ்சள் ஏறியிருந்தால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பிறகு முதுகுப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் கையை வையுங்கள். முன்பு தெரியாத விரல்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தால் துணி இற்றுவிட்டது, இன்னும் நாலு துவைப்புகூடத் தாங்காது. பேன்ட்டில் உள்தொடையும் ஜிப்பும் பார்த்தால் போதும். பட்டன் ஒன்றுதான் குறை என்றால் தைத்துவிட்டே கொடுங்கள். வீட்டில் அது இரண்டு நிமிட வேலை. அங்கே அந்தப் பட்டனுக்காக முழுச் சட்டையையும் ஒதுக்கிவிடுவார்கள்.

இதில் தேறாத துணியை அதே மூட்டையில் போட வேண்டாம். கிழிந்த பருத்திக்கு நம் பக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது. லேத் பட்டறை, மெக்கானிக் ஷெட், காசிமேட்டில் படகு எஞ்சின் வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோருக்கும் எண்ணெய் துடைக்கத் துணி வேண்டும். பனியன் வேஸ்ட் எனப்படும் பனியன் கழிவுத் துணியைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பழைய பனியன், வேட்டி, லுங்கி, காட்டன் நைட்டி எல்லாவற்றையும் ஓர் அடிச் சதுரமாகக் கிழித்துக் கொண்டுபோனால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். பட்டன், ஹூக், ஜிப், ஜிகினா ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்துவிடுங்கள். பாலிஷ் போட்ட பாகத்தில் ஒரு ஹூக் இழுபட்டால் கீறல் விழுந்து வேலையே கெடும். பாலியஸ்டர் வேண்டாம். சரியாக உறிஞ்சாது, சூடான இரும்பில் பட்டால் உருகி ஒட்டும்.

நைந்த காட்டன் புடவைக்கும் படுக்கை விரிப்புக்கும் இன்னொரு பயன் உண்டு. 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு இவற்றிலிருந்து மாதவிடாய்க்காலத் துணி நாப்கின்கள் செய்கிறது. அதற்குக் கொடுப்பதாக இருந்தால் துவைத்து, தனிப் பையில் போட்டுக் கொடுங்கள்.

தெருவில் வரும் பாத்திரக்காரம்மாவிடம் போடுவதையும் குறைவாக நினைக்க வேண்டாம். நல்ல பேன்ட்டுக்கும் ஜரிகைப் புடவைக்கும் ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்து வாங்கிப்போய், தைத்துச் சீர்படுத்தி விற்கிறார். அந்தத் துணி வீணாகாது, அவருக்கும் பிழைப்பு.

மூட்டை கட்டும்போது ஆண், பெண், குழந்தை என்று பிரித்து, குழந்தைத் துணிக்கு வயதை ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். புடவையோடு ரவிக்கை, பாவாடை சேர்ந்தே இருக்கட்டும். செருப்போ ஷூவோ, ஜோடியைச் சேர்த்துக் கட்டாவிட்டால் ஒற்றைக்கால்தான் போய்ச் சேரும். 25 கிலோ அரிசிச் சாக்கில் திணித்தால் தூக்கவும் முடியாது, அடியில் இருப்பது தெரியவும் தெரியாது. ஐந்தாறு கிலோவுக்கு ஒரு கட்டைப்பை சரியான அளவு. துவைத்த துணி ஒரு முழு வெயில் காய்ந்திருக்க வேண்டும். நம் கடலோரக் காற்றில் கைக்குக் காய்ந்தமாதிரி இருக்கும், இடுப்புப் பட்டியிலும் பாக்கெட்டிலும் ஈரம் நிற்கும். ஒரே ஒரு ஈரத் துண்டு உள்ளே இருந்தாலும் நாலைந்து நாளில் பை முழுக்க மக்கல் வாடை அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணியே கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெள்ள நிவாரணத்துக்கும் இதேதான். ஈரத்தில் நிற்பவருக்கு வேண்டியது புது உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை.

கொடுக்கவே கூடாதவை சில. போட்ட உள்ளாடை, பிரித்த மருந்து, கீறல் விழுந்த நான்ஸ்டிக் சட்டி, பழைய ஹெல்மெட். ஹெல்மெட் ஒருமுறை அடிபட்டிருந்தால் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. பாடப்புத்தகம் என்றால் அச்சான ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாடு பாடத்திட்டம் 2018-19-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு மாறி, மற்ற வகுப்புகளுக்கும் அடுத்தடுத்து மாறியது. அதற்கு முந்தியதைப் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுத்துப் பயனில்லை.

வரிவிலக்கு ரசீது கேட்பவர்களுக்கு: நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று சொல்லிப் பழகியது) பணமாகக் கொடுப்பதற்குத்தான், அதிலும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் செல்லாது. துணிக்கும் பொருளுக்கும் கிடையாது.

வாங்கப் போகிறவர்கள் பையில் ஓர் இஞ்ச் டேப் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டையில் சைஸ் லேபிளை நம்பக் கூடாது. சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து பாருங்கள். 40 அங்குல மார்புக்கு இருபத்தொன்றரை, 22 அங்குலம் இருந்தால் சரி. பழந்துணியில் ஒரு வசதி, சுருங்க வேண்டியது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். இன்று சரியாக இருந்தால் துவைத்த பிறகும் சரியாக இருக்கும். ரவிக்கை இறுக்கமாக இருந்தால் உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரித்துப் பெரிதாக்கலாம், ஆனால் உள்ளே இருந்த பகுதி வெளுக்காமல் அடர்ந்த கோடாகத் தெரியும். கலர் ரவிக்கையில் இது எடுப்பாகவே தெரியும், வெள்ளையில் தெரியாது.

பட்டுப்புடவையை முழுக்கப் பிரிக்காமல் வாங்காதீர்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்த பட்டு அந்த மடிப்பில்தான் விடும். மடிப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். டிக்கென்று சத்தம் வந்தால் கட்டுவதற்கு ஆகாது. பார்டர் மட்டும் நன்றாக இருந்தால் குழந்தைக்குப் பாவாடையில் வைத்துத் தைக்கலாம். பார்டருக்கு மட்டும் கொடுக்கும் விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள்.

தினப்படி துணிக்கு, துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புதுசு என்ன விலை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் பழசுக்குக் கொடுப்பது நியாயமில்லை. மிக்ஸி வாங்கினால் ஜார் இல்லாமல் அரை நிமிடம் ஓட்டி, தீய்ந்த வாடை வருகிறதா, ஜாரைச் சுழற்றும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குக்கருக்கு கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் புதுசு போட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். மெத்தை, தலையணை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி தையல் ஓரத்தில் கரும்புள்ளியாகத் தெரியும், தெரியாமலும் இருக்கும். வாங்கிய துணியைப் பை வாயைக் கட்டியே கொண்டுவந்து, காட்டனை நேராகக் கொதிக்கும் வெந்நீரில் போடுங்கள். வெந்நீர் தாங்காத துணிக்குத் தையல் ஓரமெல்லாம் ஸ்டீம் அயர்ன் அழுத்தி ஓட்டுங்கள்.

வாங்குவதற்கு நல்ல காலம் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். போகி மூட்டைகள் பிரிபட்டுக் கடைக்கு வருவது அப்போதுதான். கொடுப்பதற்கு ஜூன், ஜூலை. வெயில் நன்றாகக் காயும், மையத்திலும் கூட்டம் இருக்காது, உங்கள் பையை அன்றைக்கே பிரித்துவிடுவார்கள்.