லேப் ஆளுங்க திரைக்கதை எழுதக் கத்துக்கிட்ட கதை

லாஸ் ஏஞ்சல்ஸ்ல வேக்குவம் சேம்பர் (உள்ள இருக்குற காத்த உறிஞ்சி எடுத்த பெட்டி), அதுல எங்கயாவது ஓட்டை இருக்கான்னு பாக்குற லீக் டெஸ்ட்னு பொழப்ப ஓட்டுற இன்ஜினியர் நான். விஞ்ஞானிகளுக்கு சினிமா எழுதக் கத்துக்குடுக்குறது இந்த ஊருக்குப் புதுசில்ல, 2004லயே அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்ல கேட்டலிஸ்ட்னு ஒரு வொர்க்‌ஷாப் நடந்துச்சு, அமெரிக்க விமானப்படையோட ஆராய்ச்சிப் பிரிவே காசு குடுத்துச்சு. திரையில விஞ்ஞானி ஹீரோவா வந்தா பசங்க சயின்ஸ் பக்கம் வருவாங்கன்னு கணக்கு. நான் போனது அது இல்ல, அந்த மாதிரியே ஒரு வீக்கெண்ட் கிளாஸ்.

ஃபார்மட் ஈஸி. 12 பாயிண்ட் சைஸ்ல கூரியர்ங்கிற ஃபாண்ட், ஒரு பக்கம்னா திரையில சுமாரா ஒரு நிமிஷம், சீன் தலைப்புல உள்ளயா வெளியவா, எந்த இடம், பகலா ராத்திரியா, அவ்ளோதான், மிச்சத்த சாஃப்ட்வேர் பாத்துக்கும்.

உயிர வாங்குனது டயலாக்தான். பேப்பர் எழுதிப் பழகுன ஆளுங்க எல்லாத்தையும் விளக்கிச் சொல்லலன்னா தூக்கம் வராது. கிளாஸ்ல பாதிப் பேர் ஸ்கிரிப்ட்ல ரெண்டு பிஎச்டிங்க எதிரெதிரா நின்னு "உனக்கே தெரியும், ஹீலியம் ரொம்பச் சின்ன ஓட்டையிலயும் புகுந்துரும்"னு பாடம் நடத்துவாங்க. தெரிஞ்சவன்கிட்ட எதுக்குய்யா சொல்றான்னு கேட்டுட்டு மேடம் சிவப்புப் பேனாவால அடிச்சுட்டுப் போய்டுவாங்க.

என் சீன் ராத்திரி லேப்ல நடக்குது. வசனமே இல்லாம எழுதிட்டு வாங்கன்னுட்டாங்க. டெக்னீஷியன் பொண்ணு சேம்பர்ல போல்ட் போட்டு இணைக்குற ஒவ்வொரு ஃபிளாஞ்சா வெளியில இருந்து ஹீலியம் ஸ்பிரே பண்ணிட்டே வர்றா, ஒரு இடத்துல, ஓட்டை வழியா உள்ள போற ஹீலியத்தக் கண்டுபிடிக்குற லீக் டிடெக்டரோட சத்தம் ஏறுது, கைய எடுத்தா கொஞ்ச நேரத்துல இறங்குது, மறுபடி கொண்டுபோனா மறுபடி ஏறுது, முந்தின சீன்ல அந்த இடத்து போல்ட்ட டைட் பண்ணது பாஸ்தான், அவ திரும்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குற அவர ஒரு பார்வை பாக்குறா. கட். நடிகர்கள வச்சுப் படிச்சுக் காட்டுனப்ப, லீக் டிடெக்டர்னா என்னன்னே தெரியாதவங்க கூட "அய்யய்யோ"ன்னாங்க.

இந்த மாதிரி கிளாஸுக்குப் போறதா இருந்தா ஒண்ணு, டிஃபென்ஸ் சம்பந்தப்பட்ட லேப்ல இருக்கவங்க வேலை விஷயத்த கதையில வைக்குறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல கேட்டுக்கங்க. அப்புறம் ஃபிலிம் ஸ்கூல்லயே சேந்து படிக்கிற ஐடியா இருந்தா, ஸ்லோன் ஃபவுண்டேஷன் யூஎஸ்சி, யூசிஎல்ஏ, கொலம்பியா மாதிரி இடங்கள்ல அறிவியல் ஸ்கிரிப்டுக்குப் பணம் குடுக்குது.

என் கதை இப்ப ரெண்டாவது ஆக்ட்ல, அதாவது கதையோட நடுப்பகுதியில, மாட்டிட்டு நிக்குது, அந்த பாஸ் ஏன் லீக்க மறைச்சாருன்னு நம்புற மாதிரி ஒரு காரணம் இன்னும் சிக்கல.