கை அசையும் முன்பே மூளை செய்யும் வேலை: வீட்டில் செய்து பார்த்த சோதனைகள்

மூளை நம் கைகால்களை எப்படி இயக்குகிறது என்று படிப்பது ஒரு பக்கம். அதையே நம் உடம்பில் சோதித்துப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். கொஞ்ச காலமாக மாலையில் நேரம் கிடைத்தால் நானும் தங்கையும் இதில்தான் உட்கார்ந்துவிடுகிறோம். 30 செ.மீ. ஸ்கேல், கனமான புத்தகம், முகம் பார்க்கும் கண்ணாடி, பேப்பர், பேனா போதும்.

முதலில் ஸ்கேல். அவள் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுவாள். கீழே பூஜ்யக் கோட்டுக்கு நேராக என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்கேலைத் தொடாமல் காத்திருக்கும். சொல்லாமல் விடுவாள், நான் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் 0.2 நொடி ஆகியிருக்கிறது என்று கணக்கு, 15 செ.மீ. என்றால் 0.175 நொடி. நான் பெரும்பாலும் 18-க்கும் 22-க்கும் நடுவில் பிடிக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு, அவள் விடும்போதே "ம்" என்று சொன்னால், இன்னும் சீக்கிரம் பிடித்துவிடுகிறேன். காதில் விழுந்ததற்குக் கை அசைவது, கண்ணில் பட்டதற்கு அசைவதைவிட வேகமானது.

இந்த 0.2 நொடி எங்கே போகிறது? 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார். அதுவரை அளக்கவே முடியாத வேகம் என்று பலர் நம்பியிருந்தார்கள். அவருக்குக் கிடைத்ததோ நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். நம் கை நரம்புகளில் நொடிக்கு 50, 60 மீட்டர் வரும். மூளையிலிருந்து விரல் வரை ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், போய்ச் சேர 0.02 நொடி போதும். மீதி நேரமெல்லாம் கண் ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றவும், மூளை அதைப் புரிந்துகொண்டு "பிடி" என்று முடிவெடுக்கவும் செலவாகிறது.

இதைக் கணக்குப் போட்டதும்தான் எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு அசைவுக்கும் பார்த்து, யோசித்து, பிறகு கட்டளை கொடுப்பதாக இருந்தால் நம்மால் ஓடவோ வேகமாக எழுதவோ முடியவே முடியாது. அப்படியானால் மூளை முன்கூட்டியே ஏதோ செய்துகொண்டிருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். அதற்குத்தான் அந்தப் புத்தகம். முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடுங்கள். வேறொருவர் புத்தகத்தைச் சட்டென்று எடுக்கட்டும். கை மேல்நோக்கித் துள்ளும். பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த தசை, பாரம் போனது தெரியும்வரை அதே விசையோடு இழுத்துக்கொண்டிருப்பதால் வரும் துள்ளல் அது. இப்போது அதே புத்தகத்தை உங்கள் இன்னொரு கையால் நீங்களே எடுங்கள். தாங்கிய கை அப்படியே நிற்கும்!

மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். தங்கை எடுக்கும்போது மணிக்கட்டு நன்றாக எழும்பி, மறுபடி கீழே வந்து நிலைக்கிறது. நானே எடுக்கும்போது அசைவு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. எடுக்கும் கைக்குக் கட்டளை போகும்போதே, தாங்கும் கையின் தசைக்கும் "விசையைக் குறை" என்று செய்தி போய்விடுகிறது. சரி, தெரிந்திருந்தால் போதும்போல என்று நினைத்து, "இப்போ எடுக்கிறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு எடுக்கச் சொன்னேன். அப்போதும் துள்ளியது. எனக்குத் தெரிந்திருப்பது மட்டும் போதவில்லை; என் மூளையே அந்த அசைவைத் தொடங்கியிருக்க வேண்டும். எல்லாச் சோதனைகளிலும் என்னை அதிகம் வியக்க வைத்தது இதுதான்.

இப்படி முன்கூட்டிக் கணிப்பதிலும், கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்துவதிலும் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் மொத்தமுள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் சுமார் 6,900 கோடி அதற்குள் இருக்கின்றன. சிறுமூளையில் பாதிப்பு வந்தவர்களுக்குக் கை செயலிழந்து போவதில்லை. மூக்கைத் தொடப் போனால் விரல் இலக்கைத் தாண்டிப் போகும், அல்லது கிட்டே போகப் போக நடுங்கும்.

நடுவில் சுவர்ச் சோதனை ஒன்றும் செய்தோம். சுவரை ஒட்டி நின்று, தொங்கும் கையின் புறங்கையால் சுவரை அரை நிமிடத்துக்கு மேல் நன்றாக அழுத்திவிட்டு, விலகி வந்து கையைத் தளர விட்டால், கை தானாகவே மெல்ல உயரும். 1915-ல் கோன்ஸ்டாம் என்ற மருத்துவர் இதை விவரித்தார். எனக்கு வந்தது, தங்கைக்கு வரவில்லை. எல்லோருக்கும் வருவதில்லையாம்.

அப்புறம் கண்ணாடி. நான் தொடர்ந்து செய்துவருவது இதைத்தான். பேப்பரில் அரை செ.மீ. இடைவெளியில் இரட்டைக் கோட்டு நட்சத்திரம் ஒன்றை வரைந்துகொள்ள வேண்டும். அதற்கு எதிரே கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, கையும் பேப்பரும் நேரடியாகத் தெரியாதபடி ஓர் அட்டையால் மறைத்துவிட வேண்டும். கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பேனாவை ஓட்ட வேண்டும்.

முதல் நாள் ஒரு சுற்று முடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. இந்த அமைப்பில் இடம் வலம் மாறுவதில்லை, முன்னே பின்னேதான் தலைகீழாகிறது. அதனால் பக்கவாட்டுக் கோடுகள் எளிது. சாய்வுக் கோடுகள்தான் படுத்தி எடுக்கின்றன. மூலை வந்ததும் பேனா நின்றுவிடும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெளிவாகத் தெரியும், ஆனால் கை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வெட்டி வெட்டிச் சிறு முடிச்சு போட்டுக்கொண்டிருக்கும். கை இந்தப் பக்கம் போகிறது என்று கண் சொல்கிறது, அந்தப் பக்கம் போகிறது என்று தசையிலும் மூட்டிலும் உள்ள உணரிகள் சொல்கின்றன. அந்த முரண்தான் முடிச்சு. நோயால் தொடு உணர்வும் மூட்டுகளின் நிலை உணர்வும் இழந்த ஒருவர் இதே மாதிரிச் சோதனையை முதல் முயற்சியிலேயே சிரமமில்லாமல் செய்திருக்கிறார். கண்ணோடு சண்டை போட அவருக்கு வேறு செய்தியே வரவில்லை.

சில நாட்களில் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தது. முடிச்சுகள் குறைந்தன. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு உட்கார்ந்தாலும், விட்ட இடத்திலிருந்தே கை தொடர்கிறது. இங்கே ஹென்றி மொலைசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. வலிப்புக்காக 1953-ல் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் புதிய நினைவுகள் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரை இதே கண்ணாடி நட்சத்திரத்தை மூன்று நாட்கள் திரும்பத் திரும்ப வரையவைத்தார். முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. கை மட்டும் ஒவ்வொரு முறையும் தேறிக்கொண்டே வந்தது. நடந்ததை நினைவில் வைப்பதும் கைப்பழக்கமும் மூளையில் வெவ்வேறு வழிகளில் தங்குகின்றன என்பதற்கு அது பெரிய ஆதாரமானது. என் கை தேறும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, இடது கையால் செய்து பார்த்தேன். வலது கையை இயக்கும் நரம்புப் பாதை பெரும்பாலும் இடப்பக்க மூளையிலிருந்து வருகிறது, மூளையின் அடியில் தண்டுவடத்தோடு சேரும் முகுளத்தில் மாறிக் கடந்து போகிறது. அப்படியானால் வலது கை கற்றது இடது கைக்கு எப்படிப் போகும்? ஓரளவு போயிருக்கிறது. வலது கை முதல் நாள் எடுத்ததில் பாதி நேரத்தில் இடது கை முடித்துவிட்டது. கோடு நடுங்கியது, ஆனால் மூலைகளில் முடிச்சு விழவில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை இரண்டு கைகளும் பகிர்ந்துகொள்கின்றன, நேராக இழுக்கும் நயத்தை அந்தந்தக் கைதான் பழக வேண்டும்போல. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு இப்போது வளைவுகள் கொண்ட வேறு உருவம் வைத்திருக்கிறேன். நான் கற்றது நட்சத்திரத்தையா, கண்ணாடியையா என்று அது காட்டிவிடும்.