94இல் நின்றுபோன நெட்டு

எங்கள் வீட்டில் எது மெதுவாக இருந்தாலும் அதற்குப் பெயர் "நெட்டு ஸ்லோ"தான். மாடியில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, கீழே வந்து இட்லி ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பப் போனால்தான் திரை வந்திருக்கும். அதுவும் நெட்டு ஸ்லோ. மகள் மாடி அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் வகுப்பு வீடியோ பார்த்தால், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவும் நெட்டு ஸ்லோ. மாதாமாதம் 200 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 200 மெகாபிட், ஃபைபருக்குப் பணம் கட்டுகிறவன் நான். இணைப்புக் கொடுத்த அண்ணாச்சிக்குப் போன் போட்டால், "இங்க எல்லாம் சரியாத்தான் காட்டுது சார், மோடத்தை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். நானும் பண்ணுவேன். ஒன்றும் மாறாது.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்கினேன். பாளையங்கோட்டை வெயிலில் வெளியே போய் வேறு என்ன செய்ய? அவ்வப்போது நோட்டில் குறித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு

அண்ணாச்சியைக் கூப்பிடும் முன் அளந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மோடத்துக்கு இரண்டடி தள்ளி நின்று, போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டு அளந்தால் 192. மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஃபைபரில் வரும் ஒளியின் அளவையும் பார்த்தேன்: மைனஸ் 21 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு). மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். ஆக, வீட்டுக்குள் வந்து சேருவது ஒழுங்காகத்தான் வருகிறது. ஆறு மாதமாக அண்ணாச்சியை மனதுக்குள் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மாடியில் மகளின் கட்டிலில் அதே போன்: 11. மாடிக் கம்ப்யூட்டரில், சுவருக்குள் ஓடும் கேபிள் வழியாக: 94.

அந்த 11 புரிகிறது. நடுவில் ஒரு கான்கிரீட் தளம், மோடம் இருப்பதோ இரும்பு பீரோவுக்குப் பின்னால். 94தான் உறுத்தியது. காலையில் 94, மத்தியானம் 94, தெருவே கிரிக்கெட் பார்க்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் 94. கோளாறு என்றால் ஏறி இறங்க வேண்டாமா? இது படியில் அளந்து தலை வழித்த மாதிரி நிற்கிறது.

கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு என்ற வரியைத் தேடிப் பார்த்தபோது விளங்கியது. 100/100 என்று இருந்தது. கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் 100 போதும் என்று பேசி முடித்துவிட்டன. அப்படியானால் மிச்சம் ஆறு எங்கே? ஈதர்நெட்டில், அதாவது இந்தக் கேபிள் இணைப்பு முறையில், கம்பியில் போகும் ஒவ்வொரு 1,538 பைட்டிலும் நம் சரக்கு 1,460 பைட்தான். மற்றது முகவரி, சரிபார்ப்பு, பொட்டலத்துக்குப் பொட்டலம் விடும் இடைவெளி என்று லாரி வாடகை மாதிரி போய்விடுகிறது. கணக்குப் போட்டால் 94, 95தான் கைக்கு வரும். இனிமேல் யார் வீட்டில் 94 என்று பார்த்தாலும் எனக்கு 100 எம்பிபிஎஸ் கேபிள் ஞாபகம்தான் வரும்.

சில மோடங்களில் ஒரு துளை மட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், மற்றவை 100. அதனால் மாற்றி மாற்றிச் செருகினேன். அசையவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரைக் கீழே தூக்கிவந்து, மோடத்தோடு வந்த இரண்டு முழ கேபிளில் நேராகச் செருகியதும் 1000 என்று வந்தது. இடுப்புப் பிடித்துக்கொண்டது வேறு கதை.

அன்று இரவே மாடிச் சுவரில் இருந்த பெட்டியைத் திருகு கழற்றிப் பார்த்தேன். கனெக்டருக்குள் எட்டு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது: ஆரஞ்சுச் சோடி, பச்சைச் சோடி. நீலச் சோடி தனியாகப் பிரிந்து, எப்போதோ செத்துப்போன லேண்ட்லைன் போனின் சாக்கெட்டில் முடிந்தது. பழுப்புச் சோடியை நறுக்கி விட்டிருந்தார்கள். எவன் பார்த்த வேலை இது என்று சத்தம் போட ஆரம்பித்தேன்.

"நீங்கதான எலக்ட்ரீசியன்கிட்ட, ஒரே வயர்ல போனையும் நெட்டையும் முடிச்சிருங்கன்னு சொன்னீங்க" என்றார் மனைவி.

வீடு கட்டிய 2012இல். அப்போது எங்கள் நெட்டு 2 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கே இரண்டு சோடி போதும் என்பதால் அன்று ஒரு குறையும் தெரிந்திருக்காது. கிகாபிட்டுக்கு நாலு சோடியும் வேண்டும். அந்தத் தரம் 1999இலேயே வந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு மிச்சம் பிடித்த ஒரு சுருள் வயர்தான் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டாவது ஞாயிறு

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 கனெக்டர் பத்து, அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், ஒரு கேபிள் டெஸ்டர் வாங்கிவந்தேன். கடைக்காரத் தம்பி சொன்ன ஒரு யோசனை: கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிது இழுத்துவிடுங்கள். நல்லவேளை, என்னுடையது அசல் செம்பு. உறையில் கேபிளின் தரம் கேட் 5இ என்று அச்சடித்திருந்தது. கிகாபிட்டுக்கு அது போதும்.

முதல் கனெக்டரில் கம்பிகள் கடைசி வரை போகவில்லை. வீண். இரண்டாவதில் ஒரு கம்பி மடங்கியது. அதுவும் வீண். மூன்றாவதில்தான் கை படிந்தது. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, அப்புறம் நீலம், பழுப்பு என்று சோடி சோடியாக அடுக்கினேன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை. டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

செருகினால் லிங்க் 1000 என்று வந்து, கொஞ்ச நேரத்தில் விழுந்து, 100 ஆக எழுந்து, திரும்ப விழுந்தது. வேகம் 30, 40. பழைய 94 எவ்வளவோ தேவலை என்று ஆகிவிட்டது. "இதுக்குத்தான் ரெண்டு மணி நேரமாப்பா?" என்று கேட்டுவிட்டு மகள் போய்விட்டாள்.

சாயங்காலம் வரை மண்டையைக் குடைந்தது. எட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்கிறது, பிறகு என்ன? விடை முறுக்கில் இருந்தது. ஒரு சோடியில் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறினால் மற்றதில் இறங்கும். இரண்டும் முறுக்கிக்கொண்டு ஓடுவதால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விழுகிறது. வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. டெலிபோன் கண்ட பெல் 1881இலேயே இந்த முறுக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இப்போது என் வேலையைப் பாருங்கள். ஈதர்நெட்டில் மூன்றாவது ஊசியும் ஆறாவது ஊசியும் ஒரு சோடி. என் அழகான வரிசையில் மூன்றாவதில் வெள்ளைப்பச்சை, ஆறாவதில் நீலம். இரண்டும் வெவ்வேறு முறுக்கில் ஓடுகிற கம்பிகள். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டில் குடிவைத்த மாதிரி ஆகிவிட்டது. என்னுடைய மலிவு டெஸ்டர் மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். யார் யாரோடு முறுக்கியிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

சரியான வரிசை: வெள்ளைஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைப்பழுப்பு, பழுப்பு. பச்சைச் சோடியின் நடுவில் நீலச் சோடி உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குக் கோணலாகத் தெரிவதுதான் சரி. முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவும் கூடாது. நான் இரண்டு அங்குலம் பிரித்து வைத்திருந்தேன், விரலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

ஏழு கனெக்டர் தீர்ந்து, மூன்று மிச்சம். லிங்க் 1000 என்று வந்து அப்படியே நின்றது. வேகம் 197. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தார். கீழே போய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்தார். திரை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

"நெட்டு இன்னும் ஸ்லோவாத்தான் இருக்கு" என்றார்.

மூன்றாவது ஞாயிறு

2017இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்: பொத்தானை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் பக்கம் திறக்க 4 நிமிஷம் 10 நொடி. முதலில் மூடியைத் திறந்து தூசி தட்டினேன், பிராசஸரின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன பேஸ்ட்டை வழித்துப் புதிது பூசினேன். சத்தம் குறைந்தது. நேரம் குறையவில்லை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது பிராசஸர் 15 சதவீதத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க் 100 சதவீதம், ஆனால் படிப்பது நொடிக்கு 2 எம்பி கூட இல்லை. நெட்டில் நொடிக்கு 24 எம்பி (எட்டு பிட் ஒரு பைட், 197ஐ எட்டால் வகுத்தது) வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே வாங்கிவைக்க ஆள் இல்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டினால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள், கொஞ்சநஞ்சமல்ல. அதற்கப்புறம் வேகத்தைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. மகளின் மொட்டையடிப்பிலிருந்து எல்லாப் படமும் அதில்தான் இருக்கிறது. அன்று முழுக்க வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். பதினாலு படம் திறக்கவில்லை.

பிறகு பழைய டிஸ்க்குக்குப் பதில் சுழலும் பாகமில்லாத சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இந்தப் பிராசஸர் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் மூலம் வந்துவிட்டது. பிரிண்டர் தகராறு செய்யும் என்று பயந்தேன், செய்யவில்லை. இப்போது 26 நொடி.

பாக்கி இருந்தது மகளின் 11. மாடிக்குத்தான் இப்போது நல்ல கேபிள் வருகிறதே என்று, பரணில் கிடந்த பழைய ரவுட்டரை இறக்கினேன். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்து (அந்த வேலையை மோடம் பார்த்துக்கொள்ளும்), முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, வெளி இணைப்புக்கான வேன் துளையை விட்டுவிட்டு வீட்டுக் கருவிகளுக்கான லேன் துளையில் கேபிளைச் செருகினேன். கம்ப்யூட்டருக்கும் இதற்குமாகக் கேபிளைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஐந்து துளை கிகாபிட் ஸ்விட்ச். ரவுட்டரின் அட்டையில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மகளின் கட்டிலில் உட்கார்ந்து அவள் போனிலேயே அளந்தேன்.

94.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். வைஃபைதான் 1200, பின்னால் இருக்கும் துளைகள் எல்லாம் 100. இன்னொரு ரவுட்டர் வாங்கினால் என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது போதும்ப்பா. நீங்க கீழ போங்க."