திறந்து கிடந்த 11 நாட்கள்

“சாவி உங்ககிட்டதானே அண்ணே இருந்துச்சு” என்று எங்கள் ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. “ஃபோல்டரை மூடச் சொல்லி நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமேம்மா” என்று நான் கடிந்துகொண்டதற்கு வந்த பதில் அது.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சுற்றி நாங்கள் எடுத்த கடலடிக் கணக்கெடுப்பு, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினித் தொகுப்பான கிளஸ்டரில் என் பெயரிலுள்ள ஃபோல்டரில் இருந்தது. கடல் தரையில் வாழும் உயிரினமான கடல் அட்டை எந்தத் திட்டில் எவ்வளவு கிடக்கிறது என்பது ஜிபிஎஸ் புள்ளிகளோடு அதில் உண்டு. 2001 முதல் பிடிக்கத் தடை இருந்தும் அட்டை கடத்தப்படுகிற இந்தக் கரையில் அந்த எண்களின் மதிப்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்த அவரை, ஃபோல்டரைத் திறக்கும் உரிமையுள்ள எங்கள் குரூப்பில் சேர்க்க அட்மின் வேண்டும். அன்றோ வெள்ளிக்கிழமை மாலை, அறிக்கை மறுநாள் காலை போயாக வேண்டும். “ராத்திரிக்கு மட்டும் எல்லாருக்கும் திறந்து விடுங்கண்ணே, காலையில மூடிரலாம்” என்றார். 777 கொடுத்தேன்; யாரும் வாசிக்கலாம், எழுதலாம் என்று பொருள். மூடியது 11 நாள் கழித்து.

ஏசிஎல் (ஆள்வாரியாக உரிமை தரும் பட்டியல்) மூலம் அவருக்கு மட்டும் வாசிக்கும் உரிமை தந்திருக்கலாம். ஆனால் முன்பொரு முறை அப்படித் தந்தபின் யாரோ சிஎச்மோட் (உரிமைகளை மாற்றும் கட்டளை) போட்டதில் மாஸ்க் (அந்த உரிமைகளின் உச்ச வரம்பு) சுருங்கி, உரிமை பெயரளவுக்கு மட்டும் நின்று, அரை நாள் வீணானது. அந்த நினைவில் எளிய வழிக்குப் போனேன். அப்படியே திறப்பதானாலும் மற்றவர்களை வாசிக்க மட்டும் விடும் 755 போதுமே; கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தால், கோப்பு யாருடையதானாலும் அழித்துவிடலாம் என்பது எனக்குத் தெரியாததா? எதுவும் அழியவில்லை என்பதை பேக்கப்போடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டேன். யார் வாசித்தார்கள், யார் நகலெடுத்தார்கள் என்பதைத்தான் அறிய வழியில்லை. வேகம் கருதி அந்தச் சேமிப்பகத்தில் கடைசியாக வாசித்த நேரம் பதிவாவதில்லை.

மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவர் கடலில் முக்குளித்துப் பிழைப்பு நடத்தும் குடும்பத்துப் பெண். பேச்சு கிளம்பினால் முதல் சந்தேகம் அவர் மீதுதான் விழும், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் பாதியாவது உண்மை என்று நம்புகிறேன்.

பருவமழை ஓய்ந்து மறுபடி இறங்கியபோது இரண்டு திட்டுகளில் அட்டை குறைந்திருந்தது. நீரின் சூடு, இழுவலை, அளவெடுத்த ஆள் மாறியது என்று இருக்கக்கூடிய காரணங்களையெல்லாம் அறிக்கையில் நானே எழுதினேன். அந்த 11 நாட்களை எழுதவில்லை. அதைத் தட்டச்சு செய்தவர் அவர். அந்தப் பத்தியில் சற்று நிறுத்தினார், பிறகு ஒன்றும் கேட்காமல் தொடர்ந்தார்.